பின்சக்கர அச்சும் உன் அப்பாவும்

அன்பு மகன் ராஜுவுக்கு,

உன் கடிதம் வந்தது. பிரிக்பீல்ட்ஸில் மழைக்கும் குறைவில்லை, எங்களுக்கும் குறைவில்லை. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்கு உன் அப்பா. இரண்டும் பழகிப்போனவைதான், கவலைப்படாதே. நீ தெலுக் பங்லிமா காராங் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு, காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கிற டிரஸ்ஸராகப் போன பிறகு எழுதுகிற கடிதமெல்லாம் நோயாளிக்கு மருந்துச் சீட்டு எழுதுகிற மாதிரியே இருக்கிறது. சிங்கப்பூர் வரைக்கும் அனுப்பிப் படிக்கவைத்தது இதற்குத்தானா? 'மோட்டார் சைக்கிள் பின்சக்கரம் பஞ்சர். சக்கரத்தைக் கழற்ற முடியவில்லை. அச்சு துருவேறி இறுகிவிட்டது. அடித்து அடித்துக் கை வலிக்கிறது. அப்பாவிடம் கேட்டு எழுதவும்.' இவ்வளவுதான். சாப்பிட்டாயா, தூங்கினாயா, ஒன்றும் கிடையாது. அதற்குக் கீழே இடம் விட்டு இன்னொரு வரி: 'கல்யாணத்துக்கு அப்பா வருவாரா மாட்டாரா என்று கேட்டுச் சொல்லவும். வராவிட்டாலும் கல்யாணம் நடக்கும்.' அதைப் படித்ததும் முதலில் உன்னை ஓர் அறை விட வேண்டும், பிறகு கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று தோன்றியது. இரண்டுக்கும் நீ கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். உட்கார்ந்து படி.

அப்பா ரயில்வே பட்டறையிலிருந்து வந்து, கை கால் கழுவி, டீ குடித்துக்கொண்டிருந்தபோது உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். சக்கரத்தைப் பற்றிய பகுதியை மட்டும்தான். கடைசி வரியை விழுங்கிவிட்டேன். எஸ்தரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நீ சொல்லிவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்த வீட்டில் அவர் உன் பெயரை எடுத்ததில்லை. நான் எடுத்தாலும் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவார். அன்றைக்குப் போகவில்லை. டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அடிக்கிறானா? எதால அடிக்கிறான்?"

"அதெல்லாம் எழுதலீங்க."

"சுத்தியாலதான் அடிப்பான். நேரா அச்சு முனையில வெச்சு அடிப்பான். முனை விரிஞ்சு போச்சுன்னா அப்புறம் அச்சு எப்படி வெளிய வரும்? ஒடம்ப அறுக்கறதுன்னா மட்டும் பொறுமையா மருந்து போட்டு, துணி சுத்தி எல்லாம் செய்யத் தெரியுதுல்ல?"

"அப்போ நீங்களே ரெண்டு வரி எழுதுங்களேன்."

"நான் எதுக்கு எழுதணும்? கடுதாசி போக்குவரத்தெல்லாம் ஒங்க ரெண்டு பேருக்குள்ளதானே. நீயே எழுது. அடிக்காதேன்னு எழுது."

இத்தனை மாதம் கழித்து உன்னைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. எதால் அடிக்கிறான். வேறு ஒரு தகப்பனாக இருந்தால் எப்படி இருக்கிறான் என்று கேட்டிருப்பார். இவருக்கு அப்படிக் கேட்க வராது. எனக்கு இதுவே போதும் என்று இருந்தது. அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். அவர் சொன்ன வரிசையிலேயே தருகிறேன். உன்னைத் திட்டியதை மட்டும் விட்டிருக்கிறேன், காகிதம் போதாது.

அச்சின் இரண்டு முனையிலும் இருக்கிற துருவை முதலில் கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்க்க வேண்டுமாம். துருவின் மேலேயே எண்ணெயை ஊற்றினால் எண்ணெய் உள்ளே இறங்காது. மண்ணெண்ணெயையும் இஞ்சின் எண்ணெயையும் பாதிக்குப் பாதி கலந்து, கோழி இறகால் தொட்டு, நட்டின் இடுக்கிலும் அச்சு நுழைகிற துவாரத்திலும் விடு. விட்ட கையோடு ஸ்பேனரைத் தூக்காதே. போய் உன் வேலையைப் பார்த்துவிட்டு, மறுநாள் வந்து மறுபடியும் விடு. ஸ்பேனர் அந்த நட்டின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். வாயைத் திருகிப் பெரிதாக்கிச் சிறிதாக்குகிற ஸ்பேனரை எடுத்தாயானால் நட்டின் மூலைகள் மழுங்கி உருண்டையாகிவிடும், அப்புறம் எதைக் கொண்டும் அதைப் பிடிக்க முடியாது. நட்டுகள் கழன்ற பிறகும் அச்சு வராவிட்டால், ஒரு நட்டை அச்சு முனைக்குச் சமமாக மறுபடி ஏற்றி, அதன் மேல் மரக்கட்டையை வைத்துத் தட்டு. அப்போது முனை விரியாது. அதற்கும் மசியவில்லை என்றால் சூடு காட்டு. அச்சுக்கு இல்லை, அதைச் சுற்றியிருக்கிற சக்கரக் குடத்துக்கு. சூட்டில் குடம் கொஞ்சம் விரியும், அச்சுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

இதில் ஒன்றுதான் எனக்குப் புதிதாக இருந்தது. நட்டைக் கழற்றுவதற்கு முன்னால், இறுக்குகிற பக்கமாக ஒரு துளி திருப்ப வேண்டுமாம். "கழட்டணும்கறப்ப எதுக்குங்க இறுக்கணும்?" என்று கேட்டேன். "துரு ஒடையணும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் ஒடைஞ்சா என்ன? கழட்டற பக்கமே மல்லுக்கட்டி இழுத்தா நட்டுக்குள்ள இருக்கற திருகு மரை தேஞ்சு போயிரும். அது போற பக்கம் கொஞ்சம் விட்டுக்குடு. அசைஞ்சுருச்சுன்னா அப்புறம் நம்ம பக்கம் வந்துரும்" என்றார். அவர் பேசியது நட்டைப் பற்றி மட்டும்தான். நான்தான் அரிசி களையும்போதும் துணி உலர்த்தும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ எஸ்தரைக் கூட்டி வந்த ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள். நீ மோட்டார் சைக்கிளில் வந்தாய். கிள்ளான் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிற அந்தப் பெண், காலையில் சபையில் ஜெபத்தை முடித்துவிட்டு ரயிலேறி வந்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக் கழுவினாள் என்பதற்காக இல்லை. ரசத்தில் புளி தூக்கலாக இருக்கிறதா என்று கேட்டதும் "ஆமா ஆன்ட்டி, கொஞ்சம்" என்றாளே, அதற்காக. இந்த வீட்டில் கல்யாணமாகி வந்த நாளாய் நான் வைத்த ரசத்தைப் பற்றி யாரும் உண்மை சொன்னதில்லை. அப்பா "வாங்க" என்றார். அதோடு பின்கட்டுக்குப் போய், நீ நிறுத்தியிருந்த வண்டியின் முன்விளக்கைத் துடைக்க ஆரம்பித்தார். நீங்கள் கிளம்புகிற வரைக்கும் துடைத்தார். ஏற்கெனவே பளபளவென்று இருந்த விளக்கு அது. வாசலில் உன்னிடம் கேட்டார், "நம்ம சாமி ஒனக்கு என்னடா கொறை வெச்சுது?" என்று. நீ "சாமிக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று சொல்லி, வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாய். சபையில் வைத்துத்தான் கல்யாணம் என்று நீங்கள் இருவரும் பேசி முடித்திருந்தீர்கள். உன் கேள்வியில் தப்பில்லை, ராஜு. ஆனால் அதை யாரிடம் கேட்டாய்? ஸ்பேனருக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிற மனுஷரிடம் கேட்டாய்.

கோவிலுக்கு உன் அப்பா அதிகம் போனவர் இல்லை. மேளச் சத்தம் காது வலிக்கிறது என்பார், பட்டறைச் சத்தத்தில் நாள் முழுக்க நிற்கிறவர். அவருடைய சாமியெல்லாம் அந்தத் தகரப் பெட்டிக்குள் இருந்தது. சுத்தியல், அரம், ஸ்பேனர்கள், ஊசிமூக்குக் குறடு. ஆயுத பூஜைக்கு முந்தைய நாளே எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பலகையில் அடுக்கிவிடுவார். பூஜையன்று விடிந்ததும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பூ சாத்திவிட்டால், மறுநாள் காலைப் பூஜை முடிகிறவரை ஓர் ஆணியைக்கூட எடுக்க விடமாட்டார். ஒரு வருஷம் தேங்காய் உடைக்க அரிவாளைத் தொட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நாங்கள் அன்றைக்கு அம்மிக் குழவியில் தேங்காய் உடைத்தோம்.

தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது தகரக் கொட்டகையில் போட்டுவிட்டுப் போன, இப்போது உன்னிடம் இருக்கிற அந்த மோட்டார் சைக்கிளை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து உயிர் கொடுத்த கதை உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. வண்டி ஓடத் தொடங்கியதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கழுவி, குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து, இரண்டு சக்கரத்தின் நடுவிலும், அதாவது அச்சு முனைகளிலேயே, பெரிய பொட்டாக அப்புவார். சக்கரத்துக்கு உயிர் அங்கேதான் இருக்கிறதாம், நெற்றி மாதிரியாம். அது காய்ந்தால் மேலேயே அடுத்த வாரப் பொட்டு. குங்குமத்தில் இருக்கிற சுண்ணாம்பும் தண்ணீரும் சேர்ந்து மரைக்குள் இறங்கி என்ன செய்துகொண்டிருந்தது என்று, நாள் பூராவும் ரயில் இஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிற மனிதருக்குத் தோன்றவில்லை. பட்டறையில் யாராவது அப்படிச் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பார். தன் வீட்டு வண்டிக்கு வந்தால் பக்தி கண்ணை மறைத்துவிட்டது.

நீ சிங்கப்பூரில் படித்துக்கொண்டிருந்த வருஷத்து ஆயுத பூஜையன்றுதான் இது எங்கள் தலையில் விடிந்தது. முந்தின நாளே பின்சக்கரம் பஞ்சர். பூஜை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். ஆயுதமெல்லாம் பலகையில் ஏறிவிட்டது. நான் சுண்டலுக்குக் கடலை வேகவைத்துக்கொண்டிருந்தேன். முற்பகல் இருக்கும், ஸ்டேஷன் பியூன் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான்.

"அண்ணே, கிள்ளான் ஸ்டேஷன்லேருந்து போன் வந்துச்சு. காப்பார் தோட்டத்துல ஒங்க மவளுக்கு வலி கண்டுருச்சாம். மாசம் ஆவறதுக்கு முன்னாடியே. கிள்ளான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்னு டிரஸ்ஸர் சொல்றாராம், தோட்டத்து லோரி நிக்குதாம். ஆனா ஒங்க மவ ஏற மாட்டேங்குதாம். அம்மா வந்தாத்தான் ஏறுவேன்னு தூணக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுவுதாம்."

உன் அக்கா காமாட்சிக்கு ஆஸ்பத்திரி என்றால் பயம். உள்ளே போனவர்கள் திரும்பி வருவதில்லை என்று தோட்டத்தில் யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிள்ளானுக்கு அடுத்த ரயில் சாயங்காலம்தான். அதில் போய் இறங்கி, அங்கிருந்து காப்பாருக்கு வண்டி தேட வேண்டும். அதுவரை அவள் தாங்குவாளா? பக்கத்து வீடுகளில் கார் வைத்திருக்கிறவர்கள் யார் இருக்கிறார்கள்? இருந்தது இந்த மோட்டார் சைக்கிள்தான். அதுவும் மாலை போட்டுக்கொண்டு, காற்றில்லாத சக்கரத்தோடு நின்றது.

அப்பா பலகை முன்னால் போய் நின்றார். நான் அவர் பின்னால் நின்றேன். எடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாமி குற்றமாகிப் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று எனக்கும் பயம்தான். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூவை ஒதுக்கிவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

"கோவம் இருந்தா எம்மேல காட்டட்டும். புள்ள மேல காட்ட மாட்டா" என்றார். எனக்குச் சொன்னாரா, அம்பாளுக்குச் சொன்னாரா தெரியாது.

எடுத்து என்ன? நட்டு அசைந்தால்தானே. குங்குமத்தைச் சுரண்டினால் அடியில் பச்சையும் பழுப்புமாக ஒரு சேறு, அதற்கும் அடியில் துரு. ஸ்பேனரைப் போட்டு முழு பலத்தோடு இழுத்தார். நெற்றி நரம்பு புடைத்தது. பிறகு சுத்தியலை எடுத்தார். உனக்கு இன்றைக்கு எழுதச் சொல்கிறாரே, நேராக முனையில் அடிக்காதே என்று, அதையேதான் அன்றைக்கு அவர் செய்தார். மகள் தூணைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று கேட்ட மனிதருக்கு மரக்கட்டையைத் தேடத் தோன்றுமா? முனை விரிந்துவிட்டது. அதைப் பார்த்ததும் சுத்தியலைத் தூர எறிந்துவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுவதற்கு முறை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார முடியாதே.

"எந்திரிங்க. பட்டறையில இப்படி ஒண்ணு வந்தா என்ன செய்வீங்க? அதச் செய்யுங்க" என்றேன்.

வேட்டி மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பிறகு, "சூடு காட்டணும். அடுப்புல என்ன கொதிக்குது?" என்று கேட்டார்.

"சுண்டக் கடலைங்க."

"தண்ணி மட்டும் போதும். கொண்டா."

அம்பாளுக்கு வைக்க வேண்டிய கடலையை வடித்து, அந்தக் கொதிதண்ணீரைக் கொண்டுபோய்ச் சக்கரக் குடத்தின் மேல் ஊற்றினேன். அவர் மண்ணெண்ணெயும் இஞ்சின் எண்ணெயும் கலந்து விட்டார். நட்டைச் சுற்றி மெதுவாகத் தட்டினார். மறுபடி கொதிதண்ணீர், மறுபடி எண்ணெய். உலை வைத்திருந்த தண்ணீரும் போயிற்று. அவர் அவசரப்படாமல் செய்யச் செய்ய எனக்குத்தான் உயிர் போயிற்று, மனுஷன் ரயில்வே சம்பளத்துக்கு வேலை பார்க்கிற மாதிரி நிதானமாகத் தட்டுகிறாரே என்று. விரிந்த முனையை அரத்தால் ராவினார். பிறகு இறுக்குகிற பக்கம் ஒரு துளி திருப்பினாரோ என்னவோ, நான் கவனிக்கவில்லை. கிறீச்சென்று ஒரு சத்தம், நட்டு அசைந்துவிட்டது. எங்கள் தெருவில் இருக்கிற நாயெல்லாம் குரைத்தது. எனக்கு அதைவிட இனிமையான சத்தம் இன்றுவரை காதில் விழுந்ததில்லை.

டியூபை ஒட்டி, சக்கரத்தை மாட்டி, கேரியர் கம்பியில் ஒரு கோணிச் சாக்கை மடித்துப் போட்டு என்னை ஏற்றினார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து காப்பார் வரைக்கும் அந்தக் கம்பி என் இடுப்பிடம் தீர்த்துக்கொண்ட வஞ்சத்தை நான் விவரிக்கப்போவதில்லை. காமாட்சி எங்களைப் பார்த்ததும் தூணை விட்டாள். அப்பா சந்தனமும் கிரீஸும் அப்பிய கையோடு வாசலிலேயே நின்று, "ஏறும்மா லோரியில. அம்மா கூட வரா. நானும் பின்னாலயே வரேன்" என்றார். லோரிக்குப் பின்னால் கிள்ளான் ஆஸ்பத்திரி வரை விளக்கைப் போட்டபடியே வந்தார், பட்டப்பகலில். அவள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் தெரிய வேண்டுமாம். குழந்தை பிறந்த பிறகு டாக்டர், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்தார். மீதியைக் கேட்காமல் நான் உள்ளே ஓடிவிட்டேன். இப்போது என் முதுகில் ஏறி யானை விளையாடுகிறானே உன் அக்கா மகன், அவன்தான்.

மறுநாள் வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் ஸ்பேனரும் சுத்தியலும் கடலைத் தோலும் இறைந்து கிடந்தன. அப்பா எல்லாவற்றையும் பொறுக்கிக் கழுவிப் பலகையில் வைத்தார். மறுபடி பொட்டு வைக்கவில்லை. கும்பிட்டார். "வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத" என்று எனக்கு உத்தரவு. அதனால்தான் உனக்கும் குழந்தை பிறந்த தந்தி மட்டும் வந்தது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைப் பொட்டு முன்விளக்கின் மேல்தான். அச்சுக்கு கிரீஸ். பொட்டை விட்டுவிடவில்லை, பார். இடத்தை மாற்றிக்கொண்டார்.

சொல்லாதே என்றதை இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்பாய். சாமியா பிள்ளையா என்று வந்தால் உன் அப்பா சாமியைத்தான் எடுப்பார் என்று நீ முடிவு கட்டிவிட்டாய். அந்தக் கடைசி வரியில் எனக்கு அதுதான் தெரிந்தது. பலகையிலிருந்து ஸ்பேனரை எடுத்த கையை நான் பார்த்திருக்கிறேன், நீ பார்க்கவில்லை. அதை நீ அறிந்துகொள்ளாமல் கல்யாண மாலையைப் போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. ஆனால் ஒன்று, அன்றைக்கும் அவர் உடனே எடுத்துவிடவில்லை. நின்றார். நிற்க அவருக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். 'வராவிட்டாலும் நடக்கும்' என்று எழுதுகிறாயே, அது சுத்தியலால் முனையில் அடிப்பதுதான். அப்பனுக்கு மகன் தப்பாமல் பிறந்திருக்கிறாய். அடித்தால் முனை விரியும், அப்புறம் வருகிற வழியும் அடைபடும். அவர் பக்கமாக நீ ஒரு துளி திரும்பு. வாங்க என்று மட்டும் சொல். ஏன் என்று கேட்காதே, வராவிட்டால் என்று சொல்லாதே. உன் கல்யாணத்தில் நான் இவர் இல்லாமல் தனியாக நிற்கும்படி செய்துவிடாதே. என்னால் முடியாது, ராஜு. நான் சிரித்துச் சிரித்து எழுதுகிறேனே தவிர, இத்தனை மாதமும் எனக்கு ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்கவில்லை.

எஸ்தரோடும் அப்படித்தான் இரு. உனக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, முகம் இறுகிப்போகும், நான் சின்னதிலிருந்து பார்க்கிறேன். அந்த முகத்தோடு அவளைப் பல நாள் விட்டுவைக்காதே. நீ இருக்கிற ஊரில் கடல் காற்று எல்லாவற்றையும் தின்றுவிடும். அச்சைக் கழற்றியதும் துடைத்து, மெலிதாக கிரீஸ் தடவிப் போடு, பிறகு அவ்வப்போது கழற்றிப் பார் என்று உன் அப்பா சொல்லச் சொன்னார். ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டுமாம், நின்ற பிறகு இல்லை. அவள் ரசத்தில் குறை சொன்னால் சந்தோஷப்படு. சொல்லாமல் விழுங்குகிற நாள் வந்தால்தான் நீ பயப்பட வேண்டும்.

இதுவரைக்கும் வியாழக்கிழமை எழுதி மடித்து வைத்திருந்தேன், காலையில் தபாலில் போடலாம் என்று. அதற்குள் வீட்டில் வேறு கூத்து. வேலை முடிந்து வந்த அப்பா என் பழைய மெத்தைத் துண்டை எடுத்துக் கிழித்து, பட்டறையிலிருந்து கொண்டுவந்த தோலை மேலே வைத்துத் தைக்க ஆரம்பித்தார். என்ன இது என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு ரயில்ல வந்துச்சு. ஏன் ரயில்ல வந்துச்சு? பின்னால ஒக்கார எடம் இல்ல. வெறுங் கம்பி. நீ ஒரு தடவ ஒக்காந்துட்டு இன்னி வரைக்கும் என்னத் திட்டறியே."

நீங்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார் என்றுதானே நாம் நினைத்தோம். கேரியரையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தைக்கட்டும் என்று விளக்கைக் கொஞ்சம் அருகில் நகர்த்தி வைத்தேன், கடிதத்தையும் தபாலில் போடாமல் வைத்துக்கொண்டேன்.

இன்றைக்குச் சனிக்கிழமை. தகரப் பெட்டி வாசலில் இருக்கிறது. உள்ளே ஸ்பேனர்கள், அரம், மரக்கட்டை, ஒரு சீசா எண்ணெய், அந்த மெத்தை. "எழுதினா அவனுக்குப் புரியாது. அடிச்சே கெடுத்துருவான். நானே போய்க் கழட்டிக் குடுத்துட்டு வரேன்" என்று வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கிள்ளானில் இறங்கி பஸ் பிடிக்கப் போகிறார். கல்யாணத்துக்கு வருவாரா என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. குங்குமச் சிமிழைப் பெட்டிக்குள் வைத்தார், வெளியே எடுத்தார், மறுபடி உள்ளே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "விளக்கு மேல பொட்டு வெச்ச வண்டியில அந்தப் பொண்ணு ஏறுமா? அதக் கேக்காம வெக்கக் கூடாது" என்றார். இத்தனை வருஷத்தில் பொட்டு வைக்க அவர் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை, ராஜு. என்னிடமும் கேட்டதில்லை.

ஆகவே இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. உன் கையில் கொடுத்தவரை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டா இத்தனையும் படித்தாய்? உள்ளே கூப்பிடு. முழங்கால் வலிக்கும், நாற்காலி போடு. டீயில் சர்க்கரை அதிகம் போடு, பிடிக்கும், கேட்கமாட்டார். சாயங்காலம் எஸ்தரை வரச்சொல். அந்தக் கேள்வியை நீ கேட்டுவிடாதே, அவரே அவளிடம் கேட்கட்டும். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். உன் அம்மா என்ன எழுதியிருக்கிறாள் என்று எப்படியும் துருவுவார். சக்கரத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாள் என்று சொல்லிவிடு.

உன் அம்மா